எங்கள் வீட்டில் நாலு பேர்தான்

ரங்கூனில் லத்தா பேட்டைக்குப் பக்கத்துச் சந்து ஒன்றில் எங்கள் கடை இருந்தது. பர்மியக் காகிதங்களை ஆங்கிலமாக்கி, தட்டச்சு செய்து, நகல் எடுத்து, நோட்டரி முத்திரை வாங்கிக் கொடுப்போம். மொழிபெயர்ப்பு என் பொறுப்பு. நகல் எந்திரத்தோடு மல்லுக்கட்டுவதும், கரண்ட் போனால் ஜெனரேட்டரைக் கயிறு இழுத்துக் கிளப்புவதும் என் வீட்டுக்காரர் பொறுப்பு. விசாவுக்கு எழுதிப் போட வருகிறவர்களுக்கு விண்ணப்பத்தையும் நானே நிரப்பிக் கொடுப்பேன். வருகிறவர்களிடமெல்லாம் ஒரே பாட்டுத்தான். "உள்ளத எழுதுங்க. உள்ளத எழுதினா ஒரு பயமும் இல்ல." 2010-க்குப் பிறகு அந்தப் பாட்டை நான் பாடுவதில்லை.

அந்த வருஷம் ஊரெல்லாம் புதுக் கால்பந்துப் பைத்தியம் பிடித்திருந்தது. சங்கங்கள் ஆப்பிரிக்காவிலிருந்து ஆட்டக்காரர்களைக் கொண்டுவந்து இறக்கின. அப்படி வந்தவன்தான் கானா நாட்டுக்காரன் ஒருவன். வயது இருபத்தொன்பது. எங்கள் கடை நிலைக்குக் குனிந்துதான் நுழைவான், ஆனாலும் வாரத்துக்கு ஒரு முறை இடித்துக்கொள்வான். ஒப்பந்தக் காகிதத்தை மொழிபெயர்க்க வந்தவன், அடுத்த நாள் சும்மா வந்தான், அதற்கடுத்த நாள் என் சோற்றுப் பாத்திரத்தைத் திறந்து பார்த்தான். நான் அவனைத் தம்பி என்று கூப்பிட, அதையே தன் பர்மியப் பேர் என்று நினைத்துக்கொண்டு சங்கத்தில் எல்லாரையும் அப்படியே கூப்பிடச் சொல்லிவிட்டான். எனக்கு அக்கா, என் வீட்டுக்காரருக்கு அண்ணே. அந்த இரண்டு சொல்லையும் சுத்தமாகச் சொல்வான்.

தெருவில் அவனை ஒரு சொல்லால் கூப்பிடுவார்கள். மூன்று தலைமுறையாக இங்கே இருக்கும் எங்களுக்கும் அந்தத் தெரு ஒரு சொல் வைத்திருந்தது. இரண்டுமே வாசலில் நின்று கேட்க நன்றாக இருக்காது. அதனால்தானோ என்னவோ, அவன் மேல் எங்களுக்குச் சீக்கிரம் ஒட்டுதல் வந்தது.

மழை தொடங்கியதும் சங்கத்து விடுதிக் கூரை ஒழுக ஆரம்பித்தது. ஆட்டமும் இல்லை. பழுது பார்க்கிறோம் என்று சொல்லி விடுதியைப் பூட்டினார்கள். மற்ற ஆட்டக்காரர்கள் ஊருக்குப் போய்விட்டார்கள். இவனுக்குப் போக வழியில்லை. "நம்ம வீட்ல மேல் ரூம் சும்மாதான கெடக்கு, வரட்டும்" என்று சொன்னது என் வீட்டுக்காரர். நான் சொல்லவில்லை. இதை ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்பது பிறகு தெரியும்.

வெளிநாட்டுக்காரரை வீட்டில் தங்கவைப்பது அப்போது குற்றம். வெளிநாட்டுக்காரர் என்ன, கியாக்தானிலிருந்து சொந்த அத்தை மகன் வந்து ஒரு ராத்திரி தங்கினாலும், வார்டு ஆபீசுக்குப் போய் விருந்தாளி என்று பதிந்து சீட்டு வாங்க வேண்டும். எந்த வீட்டில் யார் இருக்கிறார்கள் என்பதற்குக் குடும்பப் பட்டியல் என்று ஒரு காகிதம் உண்டு. பட்டியலில் பேர் இல்லாதவர் வீட்டில் இருக்கக் கூடாது. எங்கள் பட்டியலில் நாலு பேர். நான், வீட்டுக்காரர், மாண்டலேயில் கல்யாணமாகிப் போன மகள், செத்து இரண்டு வருஷமாகியும் பேர் எடுக்காத மாமனார். ஆக, செத்தவர் சட்டப்படி எங்கள் வீட்டில் குடியிருந்தார். மூன்று வேளையும் எங்கள் சோற்றைத் தின்றவன் குடியிருக்கவில்லை.

ஆவணி வாக்கில் தம்பிக்கு ஒரு கடிதம் வந்தது. ஐரோப்பாவில் தாதியாக இருக்கும் அவன் தங்கைக்குக் கல்யாணம். தகப்பனார் இல்லாத குடும்பம். அவர்கள் வழக்கப்படி பெண்ணைக் கைப்பிடித்து மாதாகோயிலுக்குள் அழைத்துப் போய் மாப்பிள்ளையிடம் ஒப்படைக்க வேண்டியவன் இவன்தான். "நீ வராவிட்டால் நான் தனியாக நடப்பேன், வேறு யார் கையையும் பிடிக்க மாட்டேன்" என்று அவள் எழுதியிருந்தாள். படித்துக் காட்டிவிட்டுக் கடிதத்தை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தான். அதன் பிறகு எந்தச் சட்டை போட்டாலும் அந்தப் பையில் அந்தக் கடிதம் இருந்தது.

பதினைந்து நாள் சுற்றுலா விசா. சின்ன விஷயம் என்று வெளியில் இருப்பவர்கள் நினைப்பார்கள். அவன் ஏற்கெனவே வேறு ஊர்களிலிருந்து இரண்டு முறை எழுதிப் போட்டு மறுக்கப்பட்டவன். "ஆட்டத்தில் தோற்றால் எத்தனைக்கு எத்தனை என்று பலகையில் தெரியும் அக்கா. இவர்களிடம் தோற்றால் அதுகூடச் சொல்ல மாட்டார்கள்" என்றான் ஆங்கிலத்தில். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. இந்த முறை ஒரு காகிதத்திலும் ஓட்டை இருக்கக் கூடாது என்று உட்கார்ந்தேன். சம்பளம் கையில் வாங்குகிறவனுக்கு வங்கிக் கணக்கு ஏது? அதற்குச் சங்கத்திடம் கடிதம். ரங்கூனில் கிடைக்காத பயணக் காப்பீட்டை பாங்காக்கில் ஒருவரைப் பிடித்து வாங்கினோம். தங்கையின் அழைப்பு, போக வர டிக்கெட் பதிவு, அடுத்த வருஷத்துக்குமான ஒப்பந்தம். எல்லாம் ஒரு நீலக் கோப்பில் ஏறின.

மிச்சம் இருந்தது ஒரே ஒரு கட்டம். தற்போது வசிக்கும் முகவரியும் தொலைபேசியும்.

"விடுதி அட்ரஸ் போட்டுடு" என்றார் வீட்டுக்காரர்.

"பூட்டின கட்டடத்தயா? போன்ல கேட்டா யாரு எடுப்பா? எலியா?"

"நம்ம அட்ரஸ் எதுக்கும்மா."

"இது வார்டு ஆபீசுக்குப் போற காயிதம் இல்லங்க. தூதரகத்துக்குப் போறது. அவங்களுக்கும் இவங்களுக்கும் பேச்சுவார்த்தையே கெடையாது. உள்ளத எழுதினா ஒரு பயமும் இல்ல."

அவர் லாமினேஷன் எந்திரத்தைத் துடைக்கப் போய்விட்டார். இருபது வருஷம் குடித்தனம் நடத்தியவள் நான். அவர் பேசாவிட்டால் சரி என்று அர்த்தம் எடுத்துக்கொள்வது என் வழக்கம். எங்கள் முகவரியை எழுதி, எங்கள் வீட்டுத் தொலைபேசி எண்ணையும் எழுதினேன். சந்திலேயே மூன்று வீடுகளில்தான் தொலைபேசி இருந்தது. அந்த எண்ணை எழுதும்போது கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

நேர்காணலுக்குப் போய் வந்து சிரித்துக்கொண்டே சொன்னான். கானாக்காரர் ரங்கூனிலிருந்து ஏன் விண்ணப்பிக்கிறீர்கள் என்று கேட்டார்களாம். இங்கேதானே வேலை என்றானாம். எதற்காகத் திரும்பி வருவீர்கள் என்று கேட்டார்களாம். ஒப்பந்தத்தைக் காட்டிவிட்டு, "நான் இருக்கும் வீட்டில் அக்கா வைக்கும் மீன்குழம்பும் இருக்கிறது" என்றானாம். அந்த அதிகாரியும் சிரித்தாராம். அன்றைக்கு மீன்குழம்பு வைத்தேன். வேறென்ன செய்வது?

பிறகு மூன்று வாரம் காத்திருந்தோம். சாயங்காலம் மைதானத்தில் தனியாகப் பயிற்சி முடித்து வந்ததும் செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே, "அண்ணே, போன் வந்துச்சா?" என்று கேட்பான். இந்த வாக்கியத்தை நான்தான் சொல்லிக் கொடுத்திருந்தேன். "வரல தம்பி" என்பார் வீட்டுக்காரர். அந்த மூன்று வாரமும் அவனை அவர் கவனித்த கவனிப்பு இருக்கிறதே! காலையில் எழுந்து போய் அவனுக்குப் பிடித்த மொஹிங்கா, மீன்சாறு ஊற்றிய நூடுல்ஸ், வாங்கி வருவார். கல்யாணத்துக்குப் போட கோட்டு இல்லையே என்று தன் கல்யாணக் கோட்டை எடுத்துத் தையல்காரரிடம் கொடுத்துத் தோள் பிரித்துத் தைக்கச் சொன்னார். கை முழங்கைக்குக் கொஞ்சம் கீழேயே நின்றது. என் வீட்டுக்காரருக்கு இவ்வளவு மனசா என்று பூரித்துப் போனேன். மக்குக்கழுதை நான்.

கடிதம் வந்தது. விண்ணப்பம் மறுக்கப்பட்டது. தாங்கள் குறிப்பிட்ட வசிப்பிடத்தை உறுதிசெய்ய இயலவில்லை, தாங்கள் அளித்த தகவல்கள் நம்பத்தக்கவை அல்ல என்று இரண்டு வரி. தம்பி அதை இரண்டு முறை படித்துவிட்டு, நீலக் கோப்பில் கடைசிக் காகிதமாகச் சேர்த்து வைத்தான். கோபப்படவில்லை. அவன் கோபப்பட்டிருந்தால் எனக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

"வெள்ளக்காரன் புத்தி எப்பவுமே இப்டித்தான் தம்பி" என்றார் வீட்டுக்காரர். "வீட்டுக்கு ஆள் அனுப்பிப் பாக்கட்டுமே. சும்மா சாக்கு சொல்றான்."

கல்யாணத்துக்கு இன்னும் பத்து நாள் இருந்தது.

நான் விடுகிற ஆளா? அந்தத் தூதரகத்தில் காகிதம் வாங்கும் பர்மியப் பெண் ஒருத்தி எனக்குப் பழக்கம். அடுத்த நாள் கடையிலிருந்து அவளைக் கூப்பிட்டு, போனும் பண்ணாமல் ஆளும் அனுப்பாமல் எப்படி எழுதினீர்கள் என்று பிடிபிடியென்று பிடித்தேன். அவள் பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். பர்மியர்கள் அக்காவைக் கூப்பிடும் மாதிரி, "அமா" என்றாள். "நான்தான் கூப்பிட்டேன். நேர்காணலுக்கு அடுத்த செவ்வாய்க்கிழமை, காலை பத்து மணிக்கு. ஒரு ஆண் எடுத்தார். எங்கிருந்து பேசுகிறேன் என்று சொன்னேன். உங்கள் வீட்டில் வெளிநாட்டவர் தங்கியிருக்கிறாரா என்று கேட்டேன். இல்லை என்றார். ஆட்டக்காரர் பேரைச் சொல்லிக் கேட்டேன். தெரியாது என்றார். விசாவுக்காகக் கேட்கிறேன், நல்லதுக்குத்தான் கேட்கிறேன் என்று மறுபடியும் சொன்னேன். எங்கள் வீட்டில் நாலு பேர்தான் என்றார். யார் பேசுகிறீர்கள் என்று கேட்டு எழுதிக்கொண்டேன்." எழுதிய பேரை வாசித்தாள். பர்மிய வழக்கப்படி முன்னால் ஊ போட்டு, மரியாதையாக, என் வீட்டுக்காரரின் முழுப் பேர்.

தொடர்ந்து அவள் ஒன்று சொன்னாள். வீட்டுத் தலைவர் குடும்பப் பட்டியலோடு நேரில் வந்து, இவர் எங்களோடுதான் இருக்கிறார் என்று எழுதிக் கொடுத்தால் மறுபடி பார்க்கச் சொல்கிறேன், வெள்ளிக்கிழமைக்குள் வர வேண்டும் என்றாள்.

கடையைச் சாத்திவிட்டு வீட்டுக்குப் போனேன். அவர் மின்விசிறி இறக்கையைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார். தம்பி பயிற்சிக்குப் போயிருந்தான்.

"செவ்வாக்கெழம போன் வந்துச்சா?"

இறக்கையைத் துடைத்த கை நின்றது. "யாரோ பொம்பள பேசிச்சு. வார்டு ஆபீஸ்னு நெனச்சேன்."

"தூதரகம்னு சொல்லித்தான பேசினா?"

"தூதரகம்னு யாரு வேணா சொல்லலாம். வெளிநாட்டுக்காரன் இருக்கானான்னு கேட்டா வேற என்னா சொல்றது? வாய் தன்னால சொல்லிடுச்சு."

அதை நான் நம்பினேன். இந்த ஊரில் அந்தக் கேள்விக்கு ஒரே ஒரு பதில்தான். தூக்கத்தில் கேட்டாலும் நானும் அதைத்தான் சொல்லியிருப்பேன். கேள்வி கேட்பது யார் என்று யோசிப்பதற்குள் இல்லை என்று சொல்லிப் பழகிய வாய் எங்கள் வாய்.

"மொத தடவ வாய் சொல்லிச்சு. மூணாவது தடவ விசாவுக்குன்னு சொன்னப்பறமும் சொன்னீங்களே, அது யாரு?"

இறக்கையை மறுபடி துடைக்க ஆரம்பித்தார்.

"சரி, பயந்துட்டீங்க. அன்னிக்கி சாங்காலமே என்கிட்ட சொல்லிருக்கலாம்ல? ஓடிப்போயி சரி பண்ணிருப்பேன். மூணு வாரம் அவன் பக்கத்துல ஒக்காந்து சாப்ட்டீங்க. போன் வரலன்னு தெனம் சொன்னீங்க. கோட்டு தெச்சுக் குடுத்தீங்க. போகமாட்டான்னு தெரிஞ்சே தெச்சுக் குடுத்தீங்க."

பயந்ததைக்கூட மன்னித்துவிடுவேன். என்னையும் அந்தப் பிள்ளையையும் தினமும் வாசலைப் பார்க்க வைத்துவிட்டு, கூடவே உட்கார்ந்து அவரும் வாசலைப் பார்த்தாரே, அதை இன்றைக்கும் மன்னிக்கவில்லை. இருபது வருஷம் கூட இருந்த மனுஷன் இப்படியும் நடிப்பார் என்று தெரிந்த நாள் அது.

வெள்ளிக்கிழமைக்குள் தூதரகத்துக்குப் போய் எழுதிக் கொடுங்கள் என்றேன். அவர் இறக்கையைக் கீழே வைத்தார்.

"என்னால முடியாதும்மா. கையெழுத்துப் போட்டுட்டு வந்தா, நாளைக்கு அது எங்க போய்ச் சேரும்னு ஒனக்குத் தெரியுமா? தொண்ணூறுல ஒம்பது நாள் உள்ள இருந்தேன். இன்னொரு தடவ என்னால முடியாது."

இந்த இடத்தில் நான் ஒன்றைச் சொல்லியாக வேண்டும், சொல்லப் பிடிக்காவிட்டாலும். தொண்ணூறில் கியாக்தானிலிருந்து என் அத்தை மகன் வந்திருந்தான். கல்யாணமான புதுசு. சீட்டு வாங்கிட்டு வந்துடறேன் என்று வீட்டுக்காரர் சட்டை மாட்டினார். மழை கொட்டிக்கொண்டிருந்தது. "ஒரு ராத்திரிதானங்க, யாரு வந்து பாக்கப்போறா" என்று சட்டையைக் கழற்ற வைத்தது நான். அன்றைக்கு வந்து பார்த்தார்கள். வீட்டுத் தலைவர் என்று அவரைக் கூட்டிப் போனார்கள். ஒன்பது நாள். திரும்பி வந்தபோது என்ன நடந்தது என்று நானும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. உன்னால்தான் என்று இருபது வருஷத்தில் ஒரு சண்டையில்கூட அவர் சொன்னதில்லை. அன்றைக்கும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் திருப்பிச் சண்டை போட்டிருப்பேன்.

நானே போவது என்று முடிவு செய்தேன். கடையில் உட்கார்ந்து என் பேரில் கடிதம் தட்டினேன். இன்னார் எங்கள் வீட்டு மேல் அறையில் நாலு மாதமாக இருக்கிறார், தொலைபேசியில் சொன்னது தவறு, அதற்குப் பொறுப்பு நாங்கள். நகல் கடை வைத்திருப்பவளுக்குக் குடும்பப் பட்டியலின் நகல் கிடைக்காதா? எடுத்து வைத்தேன். வெள்ளிக்கிழமை காலை நல்ல லோஞ்சி கட்டிக்கொண்டு பஸ் நிறுத்தத்துக்குப் போனேன். முதல் பஸ் வந்தது, கூட்டம் என்று விட்டேன். இரண்டாவது பஸ்ஸில் இடம் இருந்தது. அதையும் விட்டேன். என் கையெழுத்துக்காகவும் அவரைத்தான் கூட்டிப் போவார்கள், வீட்டுத் தலைவர் அவர்தானே என்ற நினைப்பு காலைக் கட்டிவிட்டது. நாலாவது பஸ் போன பிறகு திரும்பி நடந்து வந்து கடையைத் திறந்தேன். "யாதெ?" என்று பர்மியத்தில் கேட்டார் வீட்டுக்காரர், எல்லாம் சரிதானே என்று. எங்கே போனாய் என்று கேட்கவில்லை. கடிதத்தை மேசை இழுப்பறையில் போட்டுச் சாத்தினேன்.

தம்பியிடம் ஒன்றும் சொல்லவில்லை. நாளைக்குச் சொல்லலாம், கல்யாணம் முடியட்டும் சொல்லலாம் என்று நாளைக் கடத்தினேன். வீட்டுக்காரர் மூன்று வாரம் செய்ததை நான் அதற்குள் நன்றாகக் கற்றுக்கொண்டிருந்தேன்.

கல்யாண நாள் விளக்குப் பண்டிகை வாரத்தில் வந்தது. சந்து முழுக்க ஜன்னல்களில் மெழுகுவத்தி ஏற்றிக்கொண்டிருந்த சாயங்காலம். தம்பி முகம் கழுவி, கை நீளம் போதாத அந்தக் கோட்டைப் போட்டுக்கொண்டு இறங்கி வந்து, தொலைபேசிக்குப் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். அங்கே கோயில் சடங்கு முடிந்ததும் தங்கை கூப்பிடுவதாகச் சொல்லியிருந்தாளாம். உங்கள் ஜனங்கள் கல்யாணத்தில் அண்ணன்காரன் எப்படி ஆசீர்வாதம் செய்வான் என்று கேட்டான். வீட்டுக்காரர் எழுந்து போய், அரிசியில் மஞ்சளும் நெய்யும் பிசைந்து ஒரு தட்டில் கொண்டுவந்து அவன் கையில் கொடுத்தார்.

போன் அடித்தது. தம்பியே எடுத்தான். அவர்கள் பாஷையில் ஏதோ சொல்லிச் சிரித்தான், பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு ரொம்ப நேரம் கேட்டுக்கொண்டிருந்தான். அவள் தனியாகத்தான் நடந்தாளாம். பக்கத்தில் அவனுக்கு இடம் விட்டு நடந்தாளாம். இதை எங்களுக்கு ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு, எழுந்து நின்று, அட்சதையை அள்ளி அந்தப் போன் மேலேயே மூன்று முறை போட்டான். அரிசி தெறித்துத் தரையெல்லாம் விழுந்தது.

பிறகு, உங்களோடு பேச வேண்டுமாம் என்று ரிசீவரை என்னிடம் நீட்டினான்.

பின்னணியில் பாட்டும் சத்தமுமாக இருந்தது. அந்தப் பெண் ஆங்கிலத்தில் மெதுவாக, முன்கூட்டியே சொல்லிப் பார்த்து வைத்த மாதிரிப் பேசினாள். "அக்கா, விசா கிடைக்காதது போகட்டும். என் அண்ணன் ஐந்து நாடுகளில் இருந்திருக்கிறான். விண்ணப்பத்தில் தங்கள் வீட்டு முகவரியை எழுதிக்கொள் என்று யாரும் சொன்னதில்லை. நீங்கள்தான் சொன்னீர்கள். அதை நான் சாகும்வரை மறக்க மாட்டேன்."

வீட்டுக்காரர் குனிந்து தரையில் கிடந்த அரிசியைப் பொறுக்கிக்கொண்டிருந்தார். தம்பி எங்கள் இரண்டு பேரையும் பார்த்துச் சிரித்துக்கொண்டு நின்றான்.

"அதனால என்னம்மா, அவன் எங்க வீட்டுப் பிள்ளைதானே" என்றேன். பதற்றத்தில் தமிழில் சொல்லிவிட்டேன். நாலு மாதத்தில் அந்த அளவு தமிழ் பழகியிருந்த தம்பிதான் ரிசீவரை வாங்கி, எங்களுக்கும் கேட்கட்டும் என்று அதை அவளுக்கு ஆங்கிலத்தில் சொன்னான்.